மூன்றாம் நாள் சனிக்கிழமை

(கோவையில் பட்டறைத் தொழிலாளர்களும் சிறுதொழில் செய்வோரும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



1999 ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை காலை என் அப்பா இறந்துபோனார். ஆவாரம்பாளையத்தில் மூன்று லேத்தும் ஒரு டிரில்லிங் மெஷினும் வைத்துக் கடைசல் பட்டறை நடத்தியவர். பம்பு செட்டுக்கான ஷாஃப்டும் புஷ்ஷும் கடைந்து கொடுப்பதுதான் தொழில். ஒரு மேஸ்திரி, இரண்டு டர்னர், ஒரு ஃபிட்டர், இரண்டு ஹெல்பர் என்று ஆறு பேர் அவரிடம் வேலை பார்த்தார்கள். எனக்குப் பத்தொன்பது வயது; பி.காம் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பட்டறையில் சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம். அப்பா இறந்த மூன்றாம் நாள் சனிக்கிழமையாக அமைந்தது. அன்று மாலை ஆறு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக நின்றார்கள். மேஸ்திரிதான் பேசினார். "அம்மணி, அண்ணன் போனதுக்கு வந்திருக்கோம். சம்பளத்துக்கு வரலீங்க." மற்ற ஐந்து பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்த ஐந்து தலைகள் குனிந்த விதம் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகியும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. அன்று அரிசி வாங்க வேண்டியவர்கள் அவர்கள். திங்கள் முதல் புதன் வரை மூன்று முழு நாளும், வியாழன் காலை செய்தி வரும்வரை இரண்டு மணி நேரமும் உழைத்தவர்கள். அந்தக் கூலியைக் கேட்பது குற்றம் என்று அவர்களே நினைத்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் இருந்த எல்லோரும் அப்படியே நினைத்தோம்.

அதே வாரத்தில் இன்னொருவரும் வந்தார். பட்டறைக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த அம்மா. காலை பதினொன்றுக்கும் மாலை நாலுக்கும் டீ கொண்டுவந்து கொடுப்பார். அப்பா கணக்கைச் சேர்த்து வைத்துக் கொடுப்பது வழக்கம். ஐந்தாம் நாள் வந்து, மெல்லிய குரலில், "டீ பாக்கி கொஞ்சம் நிக்குதுங்க" என்றார். என் மாமா பாய்ந்துவிட்டார். "சாம்பல் ஆறலை, அதுக்குள்ள வந்துட்டியா?" என்று தெருவே பார்க்கக் கத்தினார். அந்த அம்மா ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனார். பிறகு வரவே இல்லை.

அந்த மேஸ்திரி வாய்விட்டுக் கேட்டிருக்க வேண்டும், அந்த அம்மா கேட்டது சரி, இன்னும் பலமாகக் கேட்டிருக்க வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இந்த மேடையில் நிற்கிறேன். பிற்பாடு கணக்கெழுதும் தொழிலுக்கே வந்துவிட்டேன். சிறு பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் வரிக்கணக்குப் பார்க்கிறேன். இந்தத் தொழிலில் முதலாளி இறந்த வீடுகள் பலவற்றுக்குள் போயிருக்கிறேன். எல்லா வீட்டிலும் இதே காட்சிதான். உழைத்தவர் வெட்கப்பட்டு வாசலில் நிற்கிறார். உள்ளே இருப்பவர்களுக்கு என்ன கொடுக்க வேண்டும், எதிலிருந்து கொடுக்க வேண்டும் என்று தெரியவில்லை.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். செத்தது யார்? மனிதர் இறந்தார், சரி. கம்பெனி இறந்ததா?

போர்டில் பெரிய எழுத்தில் 'இண்டஸ்ட்ரீஸ்' என்றோ 'எஞ்சினியரிங் ஒர்க்ஸ்' என்றோ எழுதியிருக்கும். அதைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. எங்கள் பட்டறைக்கும் அப்படி ஒரு பெயர் இருந்தது. சட்டத்தின் கண்ணில் அந்தப் பெயருக்கு உயிரே கிடையாது. அப்பாவேதான் பட்டறை. அவர் பெயரில் வங்கிக் கணக்கு, அவர் பெயரில் கரண்ட் இணைப்பு, அவர் பெயரில் கடன். இதைத்தான் தனி உரிமையாளர் தொழில், புரொப்ரைட்டர்ஷிப் என்கிறோம். கூட்டுத் தொழில் என்றால் 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டம் வருகிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, ஒரு பங்காளி இறந்ததும் கூட்டு கலைந்துவிடும். ஆனால் உயிரோடு இருக்கும் பங்காளி, கூட்டு நடந்தபோது ஏற்பட்ட பாக்கி முழுவதற்கும் பொறுப்பு. அவரிடம் போய் முழுத்தொகையையும் கேட்கலாம். பிரைவேட் லிமிடெட் என்றால் இயக்குநர் இறந்தாலும் கம்பெனி இருக்கிறது. கையெழுத்துப் போட ஆள் இல்லாமல் சில வாரம் தடுமாறும். பாக்கி கம்பெனியின் பாக்கியாகவே நிற்கும்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று தொழிலாளர்கள் என்னிடம் கேட்பதுண்டு. ஜி.எஸ்.டி. பதிவு உள்ள இடத்தில் அந்தப் பதிவு எண்ணைப் பெயர்ப் பலகையில் எழுத வேண்டும் என்பது விதி. பதினைந்து எழுத்துகள் கொண்ட எண். தமிழ்நாடு என்றால் 33 என்று தொடங்கும். அதற்குப் பிறகு வருவது பான் எண். இடமிருந்து ஆறாவதாக நிற்கும் எழுத்தைப் பாருங்கள். அது 'பி' என்றால் தனி மனிதர். 'எஃப்' என்றால் கூட்டு. 'சி' என்றால் கம்பெனி. 'எச்' என்றால் இந்துக் கூட்டுக் குடும்பம். உங்கள் முதலாளி நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் இந்த வாரத்திலேயே அந்த ஆறாவது எழுத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நான் பேசுவது பெரும்பாலும் அந்த 'பி' எழுத்துக்காரர்களைப் பற்றி. நம் ஊரில் அவர்கள்தான் அதிகம். அவர்களிடம் வேலை பார்ப்பவர்கள்தான் அதிகம் தவித்துப் போகிறார்கள்.

அந்த சனிக்கிழமைக்கே திரும்புகிறேன். வீட்டில் பணம் இல்லை என்று சொல்ல முடியாது. வங்கியில் அப்பா கணக்கில் பணம் இருந்தது. பட்டறை மேஜையில் அவர் கையெழுத்துப் போட்ட செக் நான்கு கிடந்தன. வார்ப்படம் வாங்கும் இடத்துக்குக் கொடுக்க முன்கூட்டியே போட்டு வைத்திருந்தார். "தொகையை எழுதி எடுத்துக்கிட்டு வந்துடலாம்" என்று ஒரு சொந்தக்காரர் யோசனை சொன்னார். அம்மா மறுத்தார். அது எவ்வளவு சரியான முடிவு என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. வாடிக்கையாளர் இறந்தது தெரிந்ததும் வங்கி அவர் செக்குக்குப் பணம் தராது. இறந்தவர் கையெழுத்தின் மேல் நாம் தொகையை நிரப்பினால் அது நமக்கே வழக்காக வந்து நிற்கும். இன்று செக்குக்குப் பதிலாக செல்போன் இருக்கிறது. அப்பாவின் போனில் ரகசிய எண்ணைப் போட்டு ஆட்களுக்குச் சம்பளம் அனுப்பிவிடுகிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் நாளைக்கு அண்ணன் தம்பிக்குள் பிரச்சினை வந்தால், "அப்பா செத்த பிறகு கணக்கிலிருந்து பணம் எடுத்தது யார்?" என்ற கேள்விதான் முதலில் வரும்.

வங்கிக்குப் போனோம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், எல்லா வாரிசுகளின் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஓர் ஆண் இறந்தால் மனைவி, மகன், மகளோடு அவருடைய தாயும் முதல் வகுப்பு வாரிசு. ஆக அம்மா, நான், தம்பி, ஊரில் படுத்த படுக்கையாக இருந்த பாட்டி. பாட்டியின் கைநாட்டு வாங்கி, தாலுகா அலுவலகத்தில் சான்றிதழ் வாங்கி, வங்கியில் கொடுத்துப் பணத்தைப் பார்க்க நான்கு மாதம் ஆயிற்று. அப்பா தன் நடப்புக் கணக்குக்கு நியமனதாரர் பெயரைக் கொடுத்திருந்தால் இந்த அலைச்சல் பெரும்பாலும் இருந்திருக்காது. தனி உரிமையாளர் கணக்குக்கும் நியமனம் செய்யலாம். இது பலருக்குத் தெரிவதில்லை. 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். நியமனதாரர் வாங்கும் பணம் அவருக்குச் சொந்தமாகிவிடாது. வாரிசுகளுக்காகவும் கடன்காரர்களுக்காகவும் அவர் கையில் இருக்கும் பணம் அது. ஆனால் கைக்கு வந்துவிடும். சனிக்கிழமைக்கு அது போதும்.

எங்களுக்கு வரவேண்டிய பணமும் வெளியே நின்றது. ஒரு பெரிய பம்பு கம்பெனி, ஒரு சிறிய அசெம்பிளி கடை. பெரிய கம்பெனி, "நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்றிதழ் வாங்கி வாருங்கள்" என்றது. வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ் வேறு, நீதிமன்றம் தரும் வாரிசுரிமைச் சான்றிதழ் வேறு. முன்னது யார் யார் வாரிசு என்று சொல்வதோடு சரி. பின்னது இறந்தவருக்கு வரவேண்டிய கடனை வசூலிக்கும் அதிகாரம். 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 214ஆம் பிரிவு, அந்த மாதிரி ஆவணம் இல்லாமல் இறந்தவரின் கடனாளிக்கு எதிராக நீதிமன்றம் தீர்ப்பு வழங்கக் கூடாது என்கிறது. தீர்ப்பு வழங்கத்தான் தடை. கடனாளி தானாக முன்வந்து கொடுப்பதை அந்தப் பிரிவு எங்கேயும் தடுக்கவில்லை. ஆனாலும் கொடுக்க மனமில்லாதவர்களுக்கு அது வசதியான வாசகம். அந்தக் கம்பெனியிடமிருந்து பணம் வர பதினான்கு மாதம் ஆயிற்று.

சிறிய கடைக்காரர் செய்ததைச் சொல்ல வேண்டும். எங்களுக்கு ஆறாயிரம் ரூபாய் தரவேண்டியவர். சனிக்கிழமை ராத்திரி ஏழரைக்குச் சைக்கிளில் வந்தார். திண்ணையில் உட்கார்ந்தார். "இன்னைக்குப் பட்டறையில சம்பள நாளுன்னு தெரியும்ங்க" என்று சொல்லி, ரொக்கமாக எண்ணி வைத்தார். ஒரு வெள்ளைத்தாளில் அம்மாவும் நானும் கையெழுத்துப் போட்டோம். தம்பிக்குப் பதினைந்து வயது. அவன் சார்பில் அம்மாவே இன்னொரு கையெழுத்துப் போட்டார். பாட்டி கைநாட்டைப் பிறகு வாங்கித் தருகிறோம் என்று எழுதிக் கொடுத்தோம். வாசலில் ஆறு பேரும் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள். அம்மா அந்தப் பணத்தை வீட்டுக்குள் எடுத்துப் போகவே இல்லை. திண்ணையில் வைத்தே பிரித்துக் கொடுத்தார்.

அம்மாவுக்குச் சட்டம் தெரியாது. ஐந்தாம் வகுப்புப் படித்தவர். ஆனால் அன்று அவர் செய்தது சட்டம் எழுதி வைத்திருக்கும் வரிசைக்கு ஏறக்குறைய ஒத்திருந்தது. நான் அதே 1925ஆம் ஆண்டுச் சட்டத்தைப் புரட்டும்போது 322ஆம் பிரிவைப் படித்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இறந்தவரின் சொத்திலிருந்து எந்தச் செலவை முதலில் தீர்க்க வேண்டும் என்று அங்கே ஒரு வரிசை இருக்கிறது. முதலில் இறுதிச் சடங்கும் கடைசி நோய்க்கான வைத்தியமும். அடுத்து, சொத்தை நிர்வகிக்க நீதிமன்ற ஆணை பெறும் செலவு. அதற்கு அடுத்த இடத்தில், இறப்புக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் இறந்தவருக்காக உழைத்த கூலியாள், கைத்தொழிலாளி, வீட்டு வேலையாள் ஆகியோரின் கூலி. மற்ற கடன்கள் எல்லாம் அதற்குப் பிறகு, யாருக்கும் முன்னுரிமை இல்லாமல், இருக்கிற சொத்துக்கு ஏற்ப விகிதப்படி. அடமானம் பிடித்தவர் தன் பிணையைப் பிடித்துக்கொள்வார், அது தனி. உயிலில் எழுதிய தானமும் பங்கும் கடன்கள் தீர்ந்த பிறகே.

நம் மொழியில் வாங்கிய பணமும் கடன், செய்ய வேண்டிய கடமையும் கடன். இறந்தவருக்குச் செய்வதை இறுதிக்கடன் என்கிறோம். காரியத்துக்குப் பந்தல் போடுகிறோம், வாழைமரம் கட்டுகிறோம், நூறு பேருக்கு இலை போடுகிறோம். சட்டத்தின் வரிசையில் அந்தச் செலவுக்கு மிக அருகில் நிற்பது லேத்தில் நின்றவனின் மூன்று மாதக் கூலி. பதினாறாம் நாள் காரியத்துக்குக் கடன் வாங்குகிற குடும்பங்கள், பட்டறை ஆட்களுக்கு மட்டும் "எல்லாம் முடியட்டும், பாத்துக்கலாம்" என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். நீதிமன்றம் நியமித்த நிர்வாகி இருந்தால்தான் இந்த வரிசை ஒழுங்காகச் செயல்படும். நம் ஊரில் ஒரு லேத் பட்டறைக்காக நிர்வாக ஆணை வாங்க யார் நீதிமன்றத்துக்குப் போகிறார்கள்? சாவியை யார் வைத்திருக்கிறாரோ அவர் திறந்து நடத்துகிறார். சரக்கை விற்கிறார். ஸ்கிராப்பைப் போட்டுக் காசாக்குகிறார். சட்டம் அந்த ஆளையும் விட்டுவிடவில்லை. உரிய நிர்வாகி இல்லாதபோது இறந்தவரின் சொத்தில் கைவைத்து நடத்துபவர், தன் கைக்கு வந்த சொத்தின் அளவுக்குக் கடன்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஈமச் செலவுக்கும் குடும்பத்தின் அவசரத் தேவைக்கும் எடுத்தால் குற்றமில்லை. அதற்கு மேல் எடுத்தால் பொறுப்பு வருகிறது. ஆகவே, "நான் சும்மா மேற்பார்வைதான் பாக்கறேன், எனக்குத் தெரியாது" என்று மாப்பிள்ளையோ சித்தப்பாவோ சொன்னால் அது செல்லாது. கூலி யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நிற்பவர்களுக்கு என் பதில் இதுதான்: சாவி யாரிடம் இருக்கிறதோ அவரிடம் கேளுங்கள்.

அரசு தன் வரியை எப்படிப் பார்த்துக்கொண்டது என்று கவனியுங்கள். சரக்கு சேவை வரிச் சட்டத்தின் 93ஆம் பிரிவில், உரிமையாளர் இறந்த பிறகு வாரிசு தொழிலைத் தொடர்ந்தால் பழைய வரிபாக்கிக்கு அவரே பொறுப்பு என்றும், தொழிலை மூடிவிட்டால் இறந்தவரின் சொத்திலிருந்து கட்ட வேண்டும் என்றும் தெளிவாக எழுதி வைத்துவிட்டது. அதிகாரி வெட்கப்படாமல் நோட்டீஸ் அனுப்புகிறார். யாரும் அவரைப் பார்த்துச் சாம்பல் ஆறவில்லை என்று கத்துவதில்லை.

தொழிலாளிக்கும் அப்படி ஓர் எழுத்து இருக்கிறது. 1936ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலேயே, 'முதலாளி' என்ற சொல் இறந்துபோன முதலாளியின் சட்டப்படியான பிரதிநிதியையும் குறிக்கும் என்ற விளக்கம் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அதே விளக்கம் தொடர்கிறது. பழைய சட்டத்தில் பன்னிரண்டு மாதத்துக்குள் மனு போட வேண்டும். இப்போது மூன்று வருடம். தொழிலாளியும் போடலாம், அவர் சார்பில் சங்கமும் போடலாம். நிறுவனத்தை மூடிவிட்டால் இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு தீர்க்க வேண்டும் என்கிறது சட்டம். இரண்டு நாள் என்பது இழவு வீட்டில் நடக்காத காரியம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த இரண்டு நாள் பதினான்கு மாதமாக நீளக் கூடாது.

இன்னொரு நல்ல விஷயம், சம்பளம் கொடுத்தாயிற்று என்று நிரூபிக்கும் சுமை முதலாளி தரப்பில் இருக்கிறது. நீங்கள் நிரூபிக்க வேண்டியது, நான் இங்கே வேலை பார்த்தேன், எனக்கு இவ்வளவு சம்பளம் என்பதைத்தான். அதற்குத்தான் சம்பளச் சீட்டு. சீட்டு தராத பட்டறையில் வாரா வாரம் ஒரு நோட்டில் வாங்கிய தொகையையும் பாக்கியையும் எழுதி முதலாளியின் ஒரு சுழி வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்பந்தக்காரர் கீழ் வேலை பார்ப்பவர்கள் இன்னொன்றை நினைவில் வையுங்கள். சட்டத்தின் வரம்புக்குள் வரும் இடங்களில், ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்கத் தவறினால் வேலை வாங்கிய பெரிய நிறுவனமே கொடுக்க வேண்டும். 1970ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே அப்படித்தான். உங்கள் ஒப்பந்தக்காரர் இறந்துபோனால் அவர் மனைவியைத் தேடிப்போவதற்கு முன்னால் அந்தக் கம்பெனியின் கேட்டுக்குப் போங்கள். பி.எஃப். பணம் பிடித்துக் கட்டியிருந்தால் அது வைப்பு நிதி அலுவலகத்தில் இருக்கிறது. முதலாளி வீட்டைக் கேட்க வேண்டியதே இல்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்த இடத்தில் ஐந்து வருடம் முடித்தவர்களுக்குப் பணிக்கொடையும் உண்டு.

வாரிசுகள் பக்கமும் சொல்ல வேண்டும். நான் அந்தப் பக்கத்தில் இருந்தவள். அப்பா இறந்த மாதத்தில், அவர் கடன் எல்லாம் எங்கள் தலையில் விழும், வீடே போய்விடும் என்று நானும் தம்பியும் ராத்திரி தூங்கவில்லை. வாரிசுகள் பொறுப்பாவது இறந்தவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்கு மட்டும். நாளை நான் சம்பாதிக்கும் சம்பளத்திலிருந்து அப்பாவின் கடனைப் பிடிக்க முடியாது. அவருடைய சொத்தை வாங்கிக்கொண்டு அது எங்கே போயிற்று என்று கணக்குக் காட்டாமல் விட்டால்தான் நம் சொந்தப் பொருளுக்கு ஆபத்து வரும். அப்பன் கடனை அடைப்பது பிள்ளையின் தர்மம் என்ற பழைய சாத்திரப் பொறுப்பை மட்டும் காரணமாகக் காட்டி மகனையோ பேரனையோ பிடிப்பதை 2005ஆம் ஆண்டுத் திருத்தம் நிறுத்திவிட்டது. பயம் குறைந்தால் கணக்கைத் திறந்து பார்க்கத் தைரியம் வரும். பல வீடுகளில் கெட்ட எண்ணத்தால் கூலி நிற்பதில்லை. பயத்தால்தான் நிற்கிறது. பீரோவைத் திறந்தால் என்ன வெளியே வருமோ என்று பூட்டியே வைத்திருக்கிறார்கள்.

நாங்கள் திறந்தோம். அப்பாவின் பேரேடு ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் முக்கியமான ஒரு கணக்கு பேரேட்டில் இல்லை.

ஹெல்பர்களில் மூத்தவர் ஒருவர். வாரம் நானூறு ரூபாய் சம்பளம். பொங்கல் கழிந்ததிலிருந்து வாரம் ஐம்பது ரூபாயை அப்பாவிடமே விட்டு வைத்திருந்தார். "அண்ணங்கிட்டயே இருக்கட்டும், தீவாளிக்கு வாங்கிக்கறேன்" என்பாராம். நம் பட்டறைகளில் இது வழக்கம்தானே? வீட்டுக்குக் கொண்டுபோனால் செலவாகிவிடும் என்று முதலாளியையே உண்டியலாக்கி வைத்திருப்போம். அப்பா இறந்த பிறகு அவர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. மேஸ்திரிதான் மூன்றாவது வாரத்தில் என்னிடம் தனியாகச் சொன்னார். "அவன் கேக்க மாட்டானுங்க அம்மணி. நீங்கதான் தேடிப் பாக்கோணும்."

தேடினோம். அப்பா சட்டைப்பையில் வைத்திருக்கும் சின்ன டைரியின் கடைசிப் பக்கத்தில் பென்சிலில் கோடுகள். ஐந்தைந்தாகக் குறுக்குக் கோடு போட்டுக் கட்டியிருந்தார். பெயரில்லை, தொகையில்லை, மேலே அந்த ஹெல்பரின் ஊர்ப்பெயரின் முதல் எழுத்து மட்டும். எண்ணினோம், முப்பது கோடுகள். முப்பது சனிக்கிழமை. ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்.

இன்று அந்தக் கோடுகளைச் சட்டத்தின் முன் வைத்துப் பார்க்கிறேன். கடைசி மூன்று மாதம் என்றால் பதின்மூன்று கோடுகள். அறுநூற்று ஐம்பது ரூபாய்க்கு முன்னுரிமை உண்டு. மீதிப் பதினேழு கோடுகள், எண்ணூற்று ஐம்பது ரூபாய், மற்றக் கடன்காரர்களோடு வரிசையில் நிற்க வேண்டும். அதுவும் சம்பளத்தில் பிடித்து வைத்ததாக இருந்தால்தான். கையில் வாங்கித் திருப்பிக் கொடுத்திருந்தால் அது கூலி என்ற பெயரையே இழந்து கைமாற்றாகிவிடும். ஒரே மனிதர் ஒரே லேத்துக்குப் பக்கத்தில் நின்று உழைத்த பணம் இப்படி மூன்று சட்டப் பெயர்களுக்குள் சிதறிப்போகும். அப்பா கோடு போடாமல் மனசில் மட்டும் வைத்திருந்தால் ஒரு பெயரும் இல்லாமல் போயிருக்கும். அம்மா முப்பது கோட்டுக்கும் கொடுத்தார். அந்த ஹெல்பர் பணத்தை வாங்கி, டைரியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

முதலாளியிடம் பணம் விட்டு வைத்திருக்கும் தம்பிகளே, இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு தாளில் தேதியும் தொகையும் எழுதுங்கள். அடுத்த சனிக்கிழமை முதலாளியிடம் கையெழுத்துக் கேளுங்கள். அவரை நம்பாததால் கேட்கவில்லை, அவர் வீட்டாருக்கு உதவியாக இருக்கும் என்று சொல்லிக் கேளுங்கள். உண்மையும் அதுதான். முதலாளிகளே, உங்கள் சட்டைப்பை டைரியில் என்ன இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லி வையுங்கள். வாரச் சம்பளம் இரண்டு தடவை கொடுக்கிற அளவுக்குப் பணத்தை மனைவி பெயரும் சேர்ந்த கணக்கில் வையுங்கள்.

சரக்குக் கொடுத்தவர்களுக்கும் ஜாப் ஒர்க் செய்தவர்களுக்கும் ஒரு சொல். உங்களுக்குக் கால வரம்பு மூன்று வருடம். சரக்கு இறங்கிய நாளிலிருந்து, வேலை முடித்துக் கொடுத்த நாளிலிருந்து ஓடுகிறது. அவர் இறந்துவிட்டார் என்று அது நின்று மரியாதை செய்யாது. காரியம் முடியட்டும், தீபாவளி முடியட்டும், வருஷம் திரும்பட்டும் என்று நீங்கள் காட்டும் பண்பு அந்த மூன்று வருடத்தைத் தின்றுவிடும். வாரிசுகள் எல்லோரிடமும், இவ்வளவு பாக்கி உண்டு என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். காலம் முடிவதற்குள் வாங்கினால் அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம். பிறகு நிதானமாக வாங்கிக்கொள்ளலாம். ஏற்கெனவே வழக்குப் போட்டிருந்து நடுவில் அவர் இறந்துவிட்டால், வாரிசுகளை வழக்கில் சேர்க்கத் தொண்ணூறு நாள்தான் அவகாசம். அவர் கொடுத்த செக் திரும்பி வந்திருந்தால், அந்தக் குற்ற வழக்கு அவரோடு முடிந்துவிடும், பிள்ளைகள் மேல் போட முடியாது. ஆனால் செக்கைக் கிழித்துப் போடாதீர்கள். கடன் இருந்தது என்பதற்கு அது சாட்சி.

டீக்கடை அம்மாவிடம் ஒரு தாளும் இல்லை. கடைக் கதவின் உட்புறம் சாக்பீஸால் கணக்கெழுதுவார் என்று மேஸ்திரி சொன்னார். மாமா கத்திய அன்றே அதை அழித்துவிட்டாராம். இரண்டு மாதம் கழித்து எனக்குத் தெரியவந்து ஓடினேன். கடை பூட்டிக் கிடந்தது. மகள் ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். எந்த ஊர் என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. பிறகும் சில தடவை விசாரித்தேன்.

மேஸ்திரியோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அப்பாவையும் சேர்த்து ஏழு பேர். ஆளுக்கு நாளைக்கு இரண்டு டீ, டீ இரண்டு ரூபாய், வாரத்துக்கு ஆறு நாள். நூற்று அறுபத்தெட்டு ரூபாய். மூன்று வாரப் பாக்கி. ஐந்நூற்று நான்கு ரூபாய். வடைக்கு அவருக்குக் கணக்கு இருந்திருக்கும், எங்களுக்குத் தெரியாது.

காலவரம்புச் சட்டப்படி 2002லேயே அது வசூலிக்க முடியாத பாக்கியாகிவிட்டது. என் சொந்தக் கணக்கில் ஒவ்வொரு ஏப்ரல் 1ஆம் தேதியும் புது ஆண்டுக்குக் கொண்டுவரும் முதல் வரி, 'டீக்கடை அம்மா, தரவேண்டியது, ரூ. 504'. இந்த அரங்கில் இருக்கும் யாருக்காவது 1999இல் ஆவாரம்பாளையத்தில் டீக்கடை வைத்திருந்த அந்த அம்மாவையோ அவர் பிள்ளைகளையோ தெரிந்திருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னை வந்து பாருங்கள். வாசலருகில்தான் நிற்பேன்.